நோய் முந்தி, மறதி பிந்தி: முதுமை மறதி ஆராய்ச்சிக்கு ஓர் அறிமுகம்

அல்சைமர் நோய் மூளைக்குள் தொடங்கும் காலத்துக்கும், "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று வீட்டில் இருப்பவர்கள் உணரும் காலத்துக்கும் நடுவே 15 முதல் 20 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முதுமை மறதி ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். மருந்துகள் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றன, ரத்தப் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு, ஐம்பது வயதின் ரத்தக் கொதிப்பு எண்பது வயதின் நினைவாற்றலை எப்படித் தொடுகிறது என்ற கேள்விகளெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

எது இயல்பு, எது நோய்?

வயது கூடக்கூட எல்லாருக்குமே மூளையின் வேகம் குறைகிறது. பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வர நேரமாகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது சிரமமாகும். ஆனால் சொல்வளமும், வாழ்க்கை முழுக்கச் சேர்த்த பொது அறிவும் எழுபதைத் தாண்டியும் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். இது நோயல்ல.

அடுத்த நிலைக்கு மருத்துவர்கள் லேசான அறிதிறன் குறைபாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நினைவு, கவனம், திட்டமிடல் போன்றவற்றில் ஏதோ ஒன்று வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கும், சோதனையிலும் அது தெரியும், ஆனால் அன்றாட வாழ்க்கையை அவர் தானே நடத்திக்கொள்வார். நினைவாற்றல் மருத்துவமனைகளுக்கு வரும் இப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் டிமென்ஷியா என்ற அடுத்த கட்ட நிலைக்குப் போகிறார்கள். பலர் அதே நிலையில் நீடிக்கிறார்கள். ஒரு பகுதியினர் இயல்பு நிலைக்கே திரும்புகிறார்கள். ஆகவே இந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டியதில்லை.

பணக் கணக்கு, மருந்து வேளை, சமையல், வெளியே போய்வருதல் இவற்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாத அளவுக்குக் குறைபாடு முற்றினால் அது டிமென்ஷியா. இது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்கள் கொண்டுவிடும் நிலை. 2021இல் உலகெங்கும் சுமார் 5.7 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேரிடம் அல்சைமர் நோயின் பங்கு இருக்கிறது.

இப்படி ஒரு முடிவுக்கு வரும் முன்னால் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று உண்டு. மறதி என்று வருபவர்களில் சிலருக்கு மூளை அழிவே இருக்காது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம் இவற்றில் எதுவும் மறதியாக வெளிப்படலாம். தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்கான சில மாத்திரைகள் போன்றவையும் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென வந்த குழப்பம் என்றால், முதலில் நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்து மாற்றம் ஆகியவற்றைத் தேட வேண்டும். அல்சைமர் அப்படித் திடீரென வராது.

மூளைக்குள் சேரும் கசடுகள்

1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து கண்டதை விவரித்தார். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே நினைவு குலைந்து இறந்துபோனவர் அவர். மூளைச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஒரு படிவு, செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்கள் என இரண்டு மாற்றங்கள் நுண்ணோக்கியில் தெரிந்தன. வெளியே இருக்கும் படிவு பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துண்டு. உள்ளே இருக்கும் சிக்கல் டௌ என்ற புரதம். இரண்டும் என்னவென்று பிரித்தறிய 1980கள் வரை ஆனது.

இரண்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அமிலாய்டு முதலில் சேர்கிறது, மூளையின் மேற்பரப்பில் பரவலாகப் படிகிறது, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. டௌ, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய பகுதியில் தொடங்கி, அங்கிருந்து மொழி, வழியறிதல், தீர்மானம் ஆகியவற்றுக்கான பகுதிகளுக்குப் படிப்படியாகப் போகிறது. ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இருவரும் 1991இல் இந்தப் பரவலை ஆறு கட்டங்களாக வகுத்தார்கள். இன்றும் மூளைத் திசு ஆய்வில் அந்த வரிசைதான் பயன்படுகிறது. ஒருவரின் மறதி எவ்வளவு என்பதோடு அமிலாய்டின் அளவு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. டௌ எங்கே வரை போயிருக்கிறது என்பது நன்றாக ஒத்துப்போகிறது. பின்னால் மருந்துகளைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

அல்சைமர் ஒன்றுதான் காரணம் என்பதுமில்லை. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் செல்களுக்குள் உருண்டையாகச் சேர்வது லூயி உருண்டை நோய். இதில் இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, தூக்கத்தில் கைகால் வீசுவது, நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குவது ஆகியவை முன்னால் வரும், மறதி பிந்தலாம். மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் தடித்து அடைபடுவதால் வருவதில் யோசனையும் நடையும் மந்தமாகும். நெற்றிப்புற, பக்கவாட்டு மடல்கள் சுருங்கும் வகையில் நடத்தையோ பேச்சோ முதலில் மாறும். அது அறுபதுக்கு முன்பே தொடங்குவதும் உண்டு. எண்பது வயதைக் கடந்தவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தால் பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே கிடக்கின்றன. ஒரே ஒரு புரதத்தைக் குறிவைக்கும் மருந்து முதியவர்களிடம் சிறிய பலனே தருவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

கசடு இருந்தும் மறதி இல்லாதவர்கள்

இந்தத் துறையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு இதுதான். அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட்டார்கள், இறந்தபின் மூளையைத் தானமாகத் தரவும் சம்மதித்தார்கள். உணவு, வீடு, மருத்துவ வசதி எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருந்த கூட்டம் என்பதால் ஒப்பிடுவது எளிதாயிற்று. மூளை நிறைய அல்சைமர் மாற்றங்கள் இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். சிகாகோவில் 1994 முதலும் 1997 முதலும் நடந்துவரும் இரண்டு தொடர் ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன: மறதியில்லாமல் இறந்த முதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூளையில் அல்சைமர் என்று சொல்லத்தக்க அளவுக்கு மாற்றங்கள் இருந்தன.

இதை ஆய்வாளர்கள் அறிதிறன் கையிருப்பு என்கிறார்கள். நீண்டகாலப் படிப்பு, மூளைக்கு வேலை வைக்கும் தொழில், ஆட்களோடு பழக்கம் ஆகியவை அதிகம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. ஒரு சாலை அடைபட்டாலும் ஊருக்குப் போக வேறு நான்கு வழி இருப்பது போன்றது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கையிருப்பு அதிகம் உள்ளவருக்கு மறதி வெளியே தெரியும்போது உள்ளே நோய் வெகுவாக முற்றியிருக்கும். அதனால் அதன்பின் சரிவு வேகமாக இருக்கலாம். நன்கு படித்த ஒருவர் எளிய சோதனையில் முழு மதிப்பெண் வாங்குவதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் தவறும் இதனால்தான் நேர்கிறது.

அளப்பதில் உள்ள சிக்கல்கள்

உலகெங்கும் அதிகம் பயன்படும் இரண்டு குறுஞ்சோதனைகளுக்கும் 30 மதிப்பெண். 1975இல் வந்த எம்எம்எஸ்இ பத்து நிமிடத்துக்குள் முடியும், முற்றிய மறதியை நன்றாகக் காட்டும், தொடக்க நிலையைத் தவறவிடும். 2005இல் வந்த மோகா சற்றுக் கடினமானது. அதில் ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு பணிகளைக் கொடுத்து, சுமார் ஐந்து நிமிடம் கழித்து அவற்றைக் கேட்பார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். 26ம் அதற்கு மேலும் இயல்பு என்று முதலில் வகுத்தார்கள். 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். அந்த ஒரு மதிப்பெண் போதாது. பள்ளிக்கே போகாதவருக்குக் கனசதுரம் வரைவதும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதும் மூளையைச் சோதிப்பதாகாது, படிப்பைச் சோதிப்பதாகும். அதே வயது, அதே படிப்பு, அதே மொழி உள்ளவர்களிடமிருந்து எடுத்த அளவுகோல் இல்லாமல் எந்த மதிப்பெண்ணையும் நம்பக் கூடாது.

இன்னும் சில பிழைகள் அமைதியாக உள்ளே நுழைகின்றன. காது மந்தமானவர் சொற்களைச் சரியாகக் கேட்டிருக்கவே மாட்டார், மறந்துவிட்டார் என்று குறித்துவிடுவார்கள். ஒரே சோதனையை ஆண்டுதோறும் எழுதுபவருக்குப் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும், அது உண்மையான சரிவை மறைக்கும். இதைச் சமாளிக்கச் சொற்பட்டியலை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். மிகப் பெரிய பிழை வேறு: ஆய்விலிருந்து பாதியில் விலகுபவர்கள் பெரும்பாலும் நிலைமை மோசமானவர்களே. மிஞ்சியிருப்பவர்களை மட்டும் கணக்கிட்டால் எல்லாரும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் சிடிஆர் எனப்படும் அளவுகோல் வரும். நினைவு, இடம் காலம் அறிதல், தீர்மானம், வெளிவேலைகள், வீட்டு வேலைகள், தன்னைப் பேணுதல் என ஆறு துறைகளில், நோயாளியோடும் அவரை நன்கறிந்த ஒருவரோடும் தனித்தனியே பேசி மதிப்பிடுவது இது. கூட்டினால் 0 முதல் 18 வரை வரும், எண் கூடினால் நிலை மோசம். இந்த 18ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டை நேரில் பார்க்க முடிந்தது 2004இல்தான். பிட்ஸ்பர்க்கில் உருவான ஒரு கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி பெட் ஸ்கேன் எடுத்துப் படிவுகளைக் காட்டினார்கள். அதற்கு முன் உறுதி செய்ய இறப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் திரவத்திலும் கண்டுபிடிக்கலாம். நோய் உள்ளவரின் திரவத்தில் அமிலாய்டு 42 என்ற வகை கூடுவதில்லை, குறைகிறது. அது மூளையிலேயே படிந்து சிக்கிக்கொள்வதால் திரவத்துக்கு வருவது குறைந்துபோகிறது.

இப்போது பேசப்படுவது ரத்தத்தில் பி-டௌ217 என்ற டௌ புரத வகையை அளக்கும் சோதனை. மூளையில் அமிலாய்டு சேரும்போதே இது ரத்தத்தில் உயர்கிறது. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இத்தகைய ஒரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. அந்த அனுமதி 55 வயதைக் கடந்து, மறதியின் அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு மட்டுமே. காரணத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோயைப் பிடிப்பதிலும் நோயில்லாதவரை விலக்குவதிலும் ஒரு சோதனை 90 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். அறிகுறியில்லாத 1000 பேரில் 100 பேருக்குத்தான் மூளையில் மாற்றம் உள்ளது என்றால், அந்த நூறில் 90 பேரைச் சரியாகச் சொல்லும். மீதி 900 பேரில் 90 பேரைத் தவறாக நோயாளி என்று சொல்லும். நோய் உண்டு என்று முடிவு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. நினைவாற்றல் மருத்துவமனைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மாற்றம் இருந்தால், அதே சோதனை சொல்லும் பத்தில் ஒன்பது முடிவுகள் சரியாக இருக்கும். போதாததற்கு, சிறுநீரகம் பழுதானவர்களிடமும் இந்த அளவு உயர்ந்து காணப்படுகிறது.

சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகாது

உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் ஒயிட்ஹால் ஆய்வு 2017இல் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டியது: டிமென்ஷியா வந்தவர்களிடம், நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உடலுழைப்பு குறையத் தொடங்கியிருந்தது. நடக்காததால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியதால் நடை குறைந்ததா? எழுபது வயதில் கேள்வித்தாள் கொடுத்து ஐந்தாண்டு பின்தொடரும் ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நோயின் மௌனக் காலம் அதைவிட நீண்டது. தூக்கம், மனச்சோர்வு, உடல் எடை பற்றிய ஆய்வுகளிலும் இதே கேள்வி நிற்கிறது.

பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையில் இது இன்னும் தெளிவாயிற்று. ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மறதி குறைவு என்று பின்தொடர் ஆய்வுகள் பல சொல்லியிருந்தன. 65 வயதைக் கடந்த 4532 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த சோதனையின் முடிவு 2003இல் வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் டிமென்ஷியா இரு மடங்கு. அதற்கு முன் ஹார்மோன் எடுத்த பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உடல்நலமும் கூடியவர்கள். பாதுகாத்தது மருந்தல்ல, அந்த வாழ்க்கை. நினைவுக்கு நல்லது என்று விற்கப்படும் ஜிங்க்கோ இலைச்சாறும் இதேபோன்ற குலுக்கல் சோதனையில் தேறவில்லை. 75 வயதைக் கடந்த 3069 பேருக்கு 120 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை கொடுத்து, சராசரியாக ஆறு ஆண்டுகள் பார்த்தும் டிமென்ஷியா குறையவில்லை என்று 2008இல் முடிவு வந்தது.

மருந்துகள் எங்கே நிற்கின்றன

டோனெபெசில் போன்ற மாத்திரைகள் 1990களிலிருந்தும், மெமாண்டின் அதன்பின்னும் இருக்கின்றன. இவை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்களைச் சரிசெய்து ஓரளவு உதவும். நோயின் ஓட்டத்தை மாற்றாது.

அமிலாய்டை அகற்றும் மருந்துகள் பல ஆண்டுகள் வரிசையாகத் தோற்றன. ஒரு காரணம், மறதி வெளிப்பட்டபின் கொடுத்தது. அதற்குள் டௌ பரவி செல்கள் இறந்திருக்கும். இன்னொரு காரணம், அக்காலச் சோதனைகளில் சேர்ந்த சிலரின் மூளையில் அமிலாய்டே இல்லை. பெட் ஸ்கேனில் உறுதிசெய்து ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. லெக்கானெமாப் என்ற அமிலாய்டு அகற்றும் மருந்துக்கு 1795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த சோதனையில், வெற்று மருந்து பெற்றவர்களின் சிடிஆர் கூட்டெண் 1.66 மோசமானது, மருந்து பெற்றவர்களுடையது 1.21. வித்தியாசம் 0.45. செய்திகளில் இது 27 சதவீதம் என்று வந்தது. இரண்டும் ஒரே முடிவுதான். 18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகருக்கு உண்மை முழுதாகப் போய்ச்சேரும். மருந்து நோயை நிறுத்தவில்லை, இழந்ததைத் திருப்பித் தரவில்லை, சரிவை ஓரளவு தாமதப்படுத்தியது. எஃப்டிஏ 2023 ஜூலையில் இதற்கு முழு அனுமதியும், 2024 ஜூலையில் அதே வகை மருந்தான டோனனெமாபுக்கு அனுமதியும் கொடுத்தது.

இந்தப் பலனுக்குப் பக்கவிளைவு என்ற விலையும் இருக்கிறது. லெக்கானெமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவுமில்லை, சிலருக்கு ஆபத்தாகவும் ஆகலாம். ஏபோஇ4 என்ற மரபணு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களில் இது மூன்றில் ஒருவருக்கு வந்தது. அதனால் மருந்து தொடங்கும் முன் இந்த மரபணுவைப் பார்ப்பதும், தொடக்க மாதங்களில் பலமுறை எம்ஆர்ஐ எடுப்பதும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா என்று கவனிப்பதும் தேவை. நோய் முற்றியவர்களுக்கும், அல்சைமர் அல்லாத வகையினருக்கும் இது பொருந்தாது.

தடுக்க முடிந்தது எவ்வளவு?

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இளமையில் படிப்புக் குறைவு, காது மந்தம், கெட்ட கொலஸ்டிரால், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், புகை, தலைக்காயம், தனிமை, காற்று மாசு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு ஆகியவை அவற்றில் அடங்கும். இவை முழுதும் நீங்கினால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது கணக்கு. இது மக்கள்தொகை முழுமைக்குமான எண். புகையை விட்ட ஒருவருக்கு 45 சதவீதம் ஆபத்து குறையும் என்று பொருளல்ல.

குலுக்கல் சோதனைகளில் வலுவாக நிற்பது ரத்தக் கொதிப்பு. மேல் எண்ணை 140க்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் லேசான அறிதிறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது என்று 9361 பேரைக் கொண்ட ஸ்பிரிண்ட் ஆய்வு 2019இல் காட்டியது. டிமென்ஷியாவும் குறைந்தாற்போல் இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆட்களும் காலமும் போதவில்லை. இதய நலன் தெளிவாகத் தெரிந்ததால் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

காது மெஷின் ஆய்வு ஒன்றும் கற்றுக்கொள்ளத் தக்கது. 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் மூன்றாண்டு நடந்தது, 2023இல் வெளியானது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பலனில்லை. இதய நோய்க் காரணிகளும் வயதும் கூடியிருந்த பிரிவினரை மட்டும் பார்த்தால் சரிவு 48 சதவீதம் மெதுவானது. தாமாக முன்வந்து சேர்ந்த ஆரோக்கியமானவர்களுக்கு மூன்றாண்டில் சரிவே மிகக் குறைவு. குறையாததை எப்படித் தடுத்துக் காட்டுவது? பலனில்லை என்று ஒரு செய்தி வந்தால், வெற்றுச் சிகிச்சை பெற்ற பிரிவினர் எவ்வளவு சரிந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஆய்வில் சேர விரும்புபவர்களுக்கு

பெரும்பாலான சோதனைகளில் உங்களை நன்கறிந்த ஒருவரும் உடன் வர வேண்டும். சிடிஆர் மதிப்பீடு பாதி அவர் சொல்வதை வைத்துத்தான். எம்ஆர்ஐ எடுக்க முடியாதபடி உடலில் உலோகக் கருவி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்குத் தெளிவான பதில் கேட்டு வாங்குங்கள். வெற்று மருந்துப் பிரிவில் விழுந்தால் சோதனை முடிந்தபின் உண்மையான மருந்து கிடைக்குமா? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவை ஏற்பவர் யார்? ஏபோஇ4, அமிலாய்டு முடிவுகளை எனக்குச் சொல்வார்களா, சொன்னால் ஆலோசகர் உடனிருப்பாரா? ஏபோஇ4 இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆனால் இந்த முடிவு உங்கள் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் தொடும் ஒன்று. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அதையும் எழுத்தில் குறித்துவைக்கச் சொல்லலாம்.